இரு மட்டைகளும் ஒரு கப்பலும்

நம் வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "படிப்பை விட்டு விளையாட்டா?" என்று கேட்காத தாய் தந்தையர் மிகவும் சொற்பம். அதே பையன் காலையில் ஒரு விளையாட்டும் மாலையில் வேறொரு விளையாட்டும் ஆடுகிறான் என்று தெரிந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தால் எதிலுமே உருப்பட மாட்டாய்!" என்று பாட்டி முதற்கொண்டு உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த உபதேசத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும், ஆற்றிலும் சேற்றிலும் கால்களைத் திடமாக ஊன்றி நின்று, இரண்டு விளையாட்டுக்களிலும் தேசத்தின் பிரதிநிதிகளாக விளங்கிய மனிதர்கள் இருவர் நமது சென்னையிலேயே இருந்தார்கள். ஒருவர் ஸ்ரீ எம். ஜே. கோபாலன், ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். மற்றவர் ஸ்ரீ கோட்டா ராமஸ்வாமி. டென்னிஸிலும் கிரிக்கெட்டிலும் ஆடியவர். 1936-ம் வருஷம் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியில் இவ்விருவரும் இருந்தார்கள். ஒருவருக்கு அந்தப் பிரயாணம் எதிர்பாராத கீர்த்தியைத் தந்தது. மற்றவருக்கோ, அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் கூடவே எழும் ஒரு கேள்வியைத் தந்தது. அந்தக் கேள்வியைப் பற்றியே நாம் இங்கே சற்று யோசிக்க விரும்புகிறோம்.

மொறப்பாக்கத்துப் பையன்

கோபாலன் 1909-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் 'எம்' என்ற எழுத்து அந்தக் கிராமத்தைத்தான் குறிக்கிறது. ராஜ குடும்பமும் அல்ல, ஜமீனும் அல்ல. அக்காலத்தில் இந்தியக் கிரிக்கெட்டில் முன்னுக்கு வருவதற்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று கைவசம் இருப்பது மிகவும் சௌகரியமாக இருந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோபாலனுக்கு இருந்தவை நல்ல தேகக் கட்டும், வேகமாகப் பந்து வீசும் வலது கையுமே. அந்தக் கையைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆங்கிலேயர். ஸி. பி. ஜான்ஸ்டன் என்பது அவருடைய பெயர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களுள் அவருக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு. அவர் கோபாலனின் திறமையைப் பார்த்து வியந்ததோடு நின்றுவிடவில்லை. பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைக்கவும் உதவி செய்தார். நம்மை ஆண்ட சர்க்காரின்மீது நமக்கு இருந்த வழக்குகள் ஆயிரம். ஆனால் ஒருவன் வீசும் பந்து நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அவனுடைய சாப்பாட்டுக்கும் வழி செய்த ஒரு தனி மனிதரின் நல்ல குணத்தை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

அந்நாளில் சென்னையில் பொங்கல் என்றால் கரும்பும் மஞ்சளும் மட்டும் அல்ல. சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடக்கும் மாகாணப் பந்தயமும் பொங்கலின் ஓர் அம்சமாகவே இருந்தது. ஆட்சி செய்தவர்களும் ஆளப்பட்டவர்களும் சரிசமமாக எதிர்நின்ற இடங்கள் அக்காலத்தில் வெகு சில. சேப்பாக்கத்துப் புல்தரை அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு வெள்ளைக்கார துரையின் விக்கெட்டு சாய்ந்தால் மரத்தடியில் நின்ற ஜனங்களுக்கு உண்டான சந்தோஷம் வெறும் விளையாட்டுச் சந்தோஷம் அல்ல என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1926-27-ம் வருஷத்திலேயே கோபாலன் பெரிய பந்தயங்களில் ஆட ஆரம்பித்துவிட்டார்.

1934-ம் வருஷம் அவருடைய வாழ்க்கையில் இரண்டு சிறப்புக்களைக் கொண்டுவந்தது. ஜனவரி மாதம், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக் கோஷ்டியை எதிர்த்துக் கல்கத்தாவில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலுமாக 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட்டு. முதல் டெஸ்டுக்கு இது பிரமாதமும் அல்ல, அவமானமும் அல்ல. அடுத்த சந்தர்ப்பம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த இளைஞனும் எண்ணக்கூடிய ஆரம்பம்.

அவ்வருஷம் நவம்பர் 4-ந் தேதி, இந்திய மாகாணங்களுக்கிடையே நடக்கும் சாம்பியன் பந்தயம் முதன்முதலாக ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் ரஞ்சி கோப்பை என்று தேசம் முழுவதும் பிரசித்தி பெற்ற பந்தயம் இதுவே. சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. அந்தப் பந்தயத்தின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களிலும் மறுபடி 59 ஓட்டங்களிலும் சுருண்டது. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்து சென்னை ஜயித்துவிட்டது. அன்று தொடங்கி எத்தனையோ ஆயிரம் பேர் எத்தனையோ லக்ஷம் பந்துகளை அந்தக் கோப்பைக்காக வீசியிருக்கிறார்கள். அவை அனைத்துக்கும் முந்தியது மொறப்பாக்கத்துப் பையன் வீசிய பந்து.

மற்றொரு மட்டை

இவ்வளவும் கோபாலனின் பாதிக் கதைதான். மற்றொரு பாதி ஹாக்கி மைதானத்தில் நடந்தது.

ஹாக்கியில் அவர் சென்டர்-ஹாஃப் ஸ்தானத்தில் ஆடினார். அது மைதானத்தின் நடு மையம். முன்வரிசைக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். எதிரி பாய்ந்து வரும்போது பின்வாங்கித் தடுக்கவும் வேண்டும். கோல் போட்டவனின் பெயர் பத்திரிகையில் வரும். சென்டர்-ஹாஃபின் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் அவன் களைத்துவிட்டால் கோஷ்டியே களைத்துவிடும். நாள் முழுவதும் பந்து வீசிப் பழகிய தேகம் இந்த உத்தியோகத்துக்கு ஏற்றதாக இருந்ததில் வியப்பில்லை.

அந்நாளைய இந்திய ஹாக்கி என்றால் உலகத்துக்கே ஓர் ஆச்சரியம். 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் நமது கோஷ்டி ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை வென்றிருந்தது. சுதந்திரம் இல்லாத ஒரு தேசம், சுதந்திர தேசங்களையெல்லாம் ஒரு துறையிலாவது தலைகுனிய வைத்தது ஹாக்கியிலேதான். 1935-ல் தியான் சந்தின் தலைமையில் நியூஸிலாந்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் கோபாலன் சேர்ந்தார். வழியில் ஆடியவற்றையும் சேர்த்து, அந்தச் சுற்றுப் பிரயாணத்தில் 48 பந்தயங்கள். நாற்பத்தெட்டிலும் இந்தியாவுக்கே வெற்றி. நமது கோஷ்டி போட்ட கோல்கள் 584. நம் பக்கம் விழுந்தவை 40. தியான் சந்த் ஒருவர் மட்டும் 201 கோல்கள் போட்டார். அத்தகைய கோஷ்டியில் இடம் கிடைப்பது எவ்வளவு அருமை என்பதற்கு இந்த எண்களே சாக்ஷி.

ஆகவே, 1936-ம் வருஷம் பிறந்தபோது கோபாலனுக்கு வயது இருபத்தாறு. இரண்டு மட்டைகளும் அவர் கையில் இருந்தன. இரண்டிலும் தேசத்தின் முத்திரை விழுந்திருந்தது.

சோதனை அப்போதுதான் வந்தது. அந்தக் கோடைக்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட இருந்தது. அதே கோடையில் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்கள். ஹாக்கி கோஷ்டியில் கோபாலனுக்கு இடம் நிச்சயம் என்பதே பரவலான எதிர்பார்ப்பு. கிரிக்கெட் கோஷ்டியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் ஆகஸ்டு வரையில் கிரிக்கெட். பெர்லினில் ஆகஸ்டில் ஹாக்கி. ஒரு மனிதர் இரண்டு கப்பல்களில் ஏற முடியாது.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார்.

நாற்பது வயதில் ஒரு வாலிபர்

இவ்விடத்தில் கோட்டா ராமஸ்வாமியின் கதையையும் சொல்லிவிடுவது உசிதம். ஏனெனில் ஒருவர் கதையின் அருகில் மற்றவர் கதையை வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் பொருளும் நன்கு விளங்கும்.

ராமஸ்வாமி 1896-ம் வருஷம் ஜூன் மாதம் சென்னையில் பிறந்தவர். புச்சி பாபு நாயுடுவின் புதல்வர். ஐரோப்பியருக்கென்றே இருந்த கிளப்பைப் பார்த்து ஏங்கி நிற்காமல், 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை ஏற்படுத்தி இந்திய இளைஞர்களுக்குக் கிரிக்கெட் ஆட வழி செய்த பெருந்தகை புச்சி பாபு. சென்னையில் இன்றும் அவர் பெயரால் பந்தயங்கள் நடந்து வருகின்றன. தாய்வழிப் பாட்டனார் ராமஸ்வாமியை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டபடியால் 'கோட்டா' என்ற வேறொரு குடும்பப் பெயர் அவருக்கு வந்தது.

அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் டென்னிஸில் பெயர் எடுத்தார். 1922-ல் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார். ருமேனியாவை இந்தியா வென்றது; அடுத்தபடியாக ஸ்பெயினிடம் தோற்றது. அதன்பின் அவர் தாயகம் திரும்பி, விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். இடதுகை மட்டையாளராகச் சென்னைக்குக் கிரிக்கெட்டும் ஆடிவந்தார். டேவிஸ் கோப்பை ஆடிப் பதினான்கு வருஷங்கள் கழிந்த பிறகு, நாற்பது வயதை நெருங்கும் சமயத்தில், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் கோஷ்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த வயதில் நம்மில் பலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்!

ஜூலை மாதக் கடைசியில் மான்செஸ்டரில் நடந்த இரண்டாவது டெஸ்டில் அவரை இறக்கினார்கள். நாற்பது வயது நிறைந்து ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. முதல் இன்னிங்ஸில் 40 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து 368 ஓட்டங்கள் முன்னணியில் இருந்தபோது, இரண்டாவது இன்னிங்ஸில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் ஆளுக்கொரு சதம் அடித்து, முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தார்கள். ராமஸ்வாமி தம் பங்குக்கு 60 ஓட்டங்கள் எடுத்தார். தோற்கவேண்டிய பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

கோபாலனுக்கோ மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை.

இதற்குக் கோபாலனை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. அந்தக் கோஷ்டியே நிம்மதியாக இல்லை. விஜயநகரம் மகாராஜ்குமார் அதன் தலைவர். பணமும் செல்வாக்கும் அவருக்கு ஏராளமாக இருந்தன. ஆட்டத்தில் அவ்வளவு பெரிய பெயர் இல்லை. கோஷ்டிக்குள் கட்சிகள் பிறந்தன. லாலா அமர்நாத் போன்ற உயர்ந்த ஆட்டக்காரரை, முதல் டெஸ்டு தொடங்குவதற்கு முன்னரே, ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். டெஸ்ட் தொடரில் இந்தியா இரண்டு பந்தயங்களில் தோற்றது; ஒன்று சமமாக முடிந்தது.

ஆகஸ்டு 15

இப்பொழுது நேயர்களை 1936-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதிக்கு அழைத்துச் செல்கிறோம். அன்று ஒரே நாளில் இரண்டு மைதானங்களில் இரண்டு இந்தியக் கோஷ்டிகள் ஆடின.

லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்டு அன்றுதான் ஆரம்பமாயிற்று. ஹாமண்டும் வொர்திங்டனும் நம் பந்து வீச்சாளர்களைத் துவைத்து எடுத்தார்கள். ஹாமண்ட் 217 ஓட்டங்கள்; வொர்திங்டன் 128. ராமஸ்வாமி அந்தப் பதினொருவரில் ஒருவர். இனி வரும் நாட்களில் அவர் 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் எடுக்கப்போகிறார். ஆனால் தோல்வி தோல்வியே. இந்தப் பதினொருவரில் கோபாலன் இல்லை.

பெர்லினில் அன்று ஒலிம்பிக் ஹாக்கியின் இறுதிப் பந்தயம். முதல் நாள் நடக்கவேண்டியது மழையினால் தள்ளிப்போயிருந்தது. எதிரி ஜெர்மனி. ஜூலை மாதம் ஒரு பயிற்சிப் பந்தயத்தில் இதே ஜெர்மனி நம்மை 4-1 என்ற கணக்கில் தோற்கடித்துக் கதிகலங்க வைத்திருந்தது. தந்தி அடித்துத் தாரா என்ற ஆட்டக்காரரை ஆகாய விமானத்தில் வரவழைக்கும் அளவுக்குக் கவலை ஏற்பட்டிருந்தது. ஆட்டத்துக்குச் சற்று முன்னால், உடை மாற்றும் அறையில், உதவி நிர்வாகியான பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். மைதானத்தில் ஏந்த அனுமதியில்லாத அந்தக் கொடிக்கு வீரர்கள் அனைவரும் வணக்கம் செலுத்திவிட்டுப் புறப்பட்டார்கள். தியான் சந்தே தமது சுயசரிதத்தில் இதை எழுதியிருக்கிறார். முற்பாதியில் ஒரே ஒரு கோல். பிற்பாதியில் ஏழு. இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்றாவது தங்கப் பதக்கம்! சரியாகப் பதினொரு வருஷங்கள் கழித்து, அதே ஆகஸ்டு 15-ந் தேதி, அந்த அறைக்குள் ஒளித்து வணங்கிய மூவர்ணம் சிறு மாறுதலுடன் தேசக் கொடியாகப் பகிரங்கமாக ஏறியது.

கோபாலன் கிரிக்கெட் மட்டைக்குப் பதிலாக ஹாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியிருந்தால் அந்த அறையில் நின்றிருப்பார். அந்தக் கொடியை வணங்கியிருப்பார். அந்தப் பதக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார். 'ஏன் அப்படிச் செய்யவில்லை?' என்பதுதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேள்வி.

தவறு யாருடையது?

அவர் தவறு செய்துவிட்டார் என்று சொல்வது சுலபம். விளைவு தெரிந்தபின் யாரும் புத்திசாலிதான். ஆனால் 1936-ம் வருஷத்தின் ஆரம்பத்தில் நின்று பார்ப்போம். ஹாக்கியில் அவர் ஏற்கெனவே கடல் கடந்து வெற்றி கண்டவர். கிரிக்கெட்டிலோ ஒரே ஒரு டெஸ்டு. மனம் நிறையாத ஒரு தொடக்கம். இந்தியா இங்கிலாந்தில் டெஸ்டு ஆடியது அதற்குமுன் 1932-ல் ஒரே ஒரு தடவை. அடுத்த சந்தர்ப்பம் எப்போது வரும் என்று சொல்வாரில்லை. பின்னர் யுத்தம் வந்து, 1946 வரையில் அது வரவும் இல்லை. அவருக்கு உத்தியோகத்தையும் பெயரையும் கொடுத்தது கிரிக்கெட். இவற்றையெல்லாம் தராசில் வைத்துப் பார்த்தால், நாமும் அந்தக் கப்பலிலேயே ஏறியிருப்போம் என்றுதான் தோன்றுகிறது.

ராமஸ்வாமிக்கும் கோபாலனுக்கும் உள்ள வித்தியாசம் புத்தியில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ராமஸ்வாமிக்குக் காலம் இரண்டு கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட்டது. இருபத்தாறு வயதில் டென்னிஸ், நாற்பதில் கிரிக்கெட். எதையும் அவர் கைவிட வேண்டியிருக்கவில்லை. கோபாலனுக்கோ இருபத்தேழாவது வயதில் இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. ஒன்றில் நுழைந்தவுடனே மற்றது சாத்திக்கொண்டது. இரண்டு திறமைகள் பெற்றவனுக்குக் கடவுள் விதிக்கும் வரி இது. ஒரே திறமை உள்ளவன் இந்த வரியைக் கட்டுவதே இல்லை.

கோபாலன் இதனால் மனம் ஒடிந்து மட்டையைக் கீழே போட்டுவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. தாயகம் திரும்பி, மேலும் பதினைந்து வருஷங்கள் சென்னைக்காக ஆடினார். சென்னைக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். பெரிய பந்தயங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு இந்தியக் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் வகித்தார். தமக்குக் கிடைக்காத டெஸ்டு இடங்களைப் பிறருக்கு வழங்கும் ஸ்தானத்தில் அவர் அமர்ந்ததை நினைத்தால் விதியின் விளையாட்டு விசித்திரமாகவே இருக்கிறது.

1952-53-ல், அவருடைய இருபத்தைந்து வருஷக் கிரிக்கெட் சேவையைக் கௌரவிக்கும் முறையில், சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 'கோபாலன் கோப்பை' என்ற பந்தயம் ஏற்படுத்தப்பட்டது. டெஸ்டு அந்தஸ்து இல்லாமல் இருந்த காலத்தில் இலங்கை ஆட்டக்காரர்களுக்குத் தரமான பந்தயம் கிடைப்பது துர்லபமாக இருந்தது. கோபாலன் கோப்பை அந்தக் குறையை வருஷாவருஷம் ஓரளவு தீர்த்துவைத்தது. 1982-ல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. அந்த நிலைக்கு அது ஏறிய படிகளுள் சேப்பாக்கத்துப் படியும் ஒன்று. பெர்லின் பதக்கம் ஒரு வீட்டின் அலமாரியில் இருந்திருக்கும். இந்தக் கோப்பையோ, முப்பது வருஷ காலம் கடலின் இரு கரைகளிலும் உள்ள இளைஞர்களை அழைத்து ஆட வைத்தது.

ராமஸ்வாமி 1953-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியின் நிர்வாகியாகப் போனார். 1966-ல் தமது வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தம்மை 'விளையாட்டுப் பித்தர்' என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். 1985-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒருநாள், எண்பத்தொன்பதாவது வயதில், வீட்டை விட்டு வெளியே சென்ற அந்தப் பெரியவர் திரும்பி வரவே இல்லை. இரண்டு கதவுகள் திறந்து வழிவிட்ட மனிதருக்கு முடிவு இப்படி நேர்ந்தது. கோபாலனோ, இந்திய டெஸ்டு ஆட்டக்காரர்களுள் யாவரினும் மூத்தவராக வாழ்ந்து, 2003-ம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி, தொண்ணூற்று நான்காவது வயதில், சென்னையிலேயே காலமானார். யாருடைய வாழ்க்கையைப் பாக்கியம் என்பது, யாருடையதை நஷ்டம் என்பது?

இப்பொழுது விளையாட்டு ஒரு தொழிலாகிவிட்டது. ஏழு வயதிலேயே பையனை ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்து, அந்த ஒன்றைத் தவிர வேறொன்றையும் தொடாதே என்கிறோம். இரண்டு ஆட்டங்களில் தேசத்துக்காக ஆடும் மனிதர்கள் இனி வருவது அரிதுதான். ஆயினும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலத்தில் உங்கள் வீட்டுக் குழந்தை இரண்டு மட்டைகளையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் உடனே ஒன்றைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். ஒன்றை விட்டுத்தான் தீரவேண்டும் என்ற நாள் வந்தால் வரட்டும். அன்றைக்கு அந்தக் கப்பலைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். கப்பல் எங்கே கொண்டு சேர்த்தாலும், இறங்கிய துறையில் கோபாலனைப் போல் மனம் சலியாமல் ஆடக் கற்றுக் கொடுத்திருந்தீர்களானால் அதுவே போதும்.